எண்பத்து நான்கு கொட்டை: சுங்கை சிப்புட்டில் ஒரு கைப்பேசி விளையாட்டு கடையேறிய கதை

தீபாவளிக்கு வெளியிடுகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டோம். முதல் தப்பு அதுதான். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. எங்கள் பல்லாங்குழி விளையாட்டு கூகுள் பிளேயில் ஏறியதோ பொங்கலுக்கு முந்தின வாரம். இடையில் போன ஏறக்குறைய மூன்று மாதத்தில் விளையாட்டுக்குள் புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று. அதுவும் நாங்கள் யோசித்ததல்ல, பாட்டி சொன்னது. மீதி நாளெல்லாம் எங்கே போயின என்று கணக்குப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். எங்களைப் போல வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் விளையாட்டு செய்கிற யாருக்காவது உதவலாம். விளையாட்டின் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. சொன்னால் விளம்பரமாகிவிடும்.

ஊரும் ஆட்களும்

சுங்கை சிப்புட், மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சரித்திரப் பாடத்தில் 1948 ஜூன் 16 என்ற தேதியோடு வரும் ஊர். அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையடுத்து கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்தது. மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் ஊரும் இதுதான். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் அவர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்கு எங்கள் தாத்தாவும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியிருக்கிறார். கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே தடவை கட்ட வேண்டிய 25 அமெரிக்க டாலரை நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டபோது, "தாத்தா மாதிரியே தோட்டம் வாங்குறோம்டா" என்றான் மச்சான்.

மூன்று பேர் என்றால் நான், மச்சான், என் அக்கா. நான் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் பார்க்கிறேன். நிரல் என் பொறுப்பு. மச்சான் பகலில் கைப்பேசி பழுது பார்க்கிறான், இரவில் படம் வரைகிறான். அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எழுத்தும் ஒலியும் அவரைச் சேர்ந்தவை. ஆளுக்கொரு பழைய மடிக்கணினி. அப்புறம் மச்சான் கடையில் ஓர் இழுப்பறை நிறையக் கைப்பேசிகள்: சரிசெய்யக் கொடுத்துவிட்டு ஆள் திரும்பி வராதவை, கண்ணாடி விரிசல் விட்டவை, மின்கலம் உப்பியவை. எங்களிடம் இருந்த பெரிய சொத்து அதுதான். அப்போது அது தெரியவில்லை.

விளையாட்டு பாட்டியுடையது. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது பலகை கிடையாது, சோழி கிடையாது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் மண்ணில் பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி தோண்டி, ரப்பர் கொட்டை பொறுக்கி வந்து குழிக்கு ஆறு போட்டு ஆடுவார்களாம். ஆக 84 கொட்டை. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது, கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வது, அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கு அடுத்ததில் உள்ளதை ஜெயித்துக்கொள்வது. போட்டுக்கொண்டு போகும்போது ஏதாவது ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு. அந்தக் குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். வீட்டுக்கு வீடு விதி மாறும். நாங்கள் பாட்டி வீட்டு விதியை எடுத்துக்கொண்டோம், அல்லது எடுத்துக்கொண்டதாக நினைத்தோம்.

கொம்பு

2023 நடுவில் யூனிட்டியில் ஆரம்பித்தோம். விளையாட்டு செய்வதற்கான மென்பொருள் அது, விளையாட்டு இயந்திரம் என்பார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி, விளையாட்டு எத்தனை கைப்பேசியில் ஏறுகிறதோ அதற்கேற்பக் கட்டணம் வாங்கப்போவதாக யூனிட்டி அறிவித்தது. விளையாட்டு செய்கிறவர்கள் கொதித்தார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து அதைக் கைவிட்டார்கள். நாங்கள் யூனிட்டியை விட்டு கோடோ என்ற இன்னொரு இயந்திரத்துக்கு மாறியதும் அதனால்தான் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். அந்தக் கட்டணம் தொடங்குவதே இலட்சக்கணக்கில் ஏறிய பிறகுதான். எங்களுக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எங்களை மாற்றியது கொம்பு.

'தே' என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது இரட்டைக்கொம்பு, பிறகுதான் தகரம். யூனிகோடில் சேமித்திருக்கும் வரிசை தலைகீழ்: முதலில் தகரம், பிறகு கொம்பு. அந்த வரிசையைத் திருப்பிக் கண்ணுக்குச் சரியாகக் காட்டுவது எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. யூனிட்டியில் நாங்கள் பயன்படுத்திய டெக்ஸ்ட்மெஷ்புரோ அந்த வேலையைச் செய்யாது. வந்ததை வந்த வரிசையில் வரைந்துவிடும். 'தேங்காய்' என்றால் தகரம் தனியாக நிற்க, கொம்பு ஙகரத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். 'கொட்டை' என்றால் கொம்பும் காலும் ககரத்தின் இரண்டு பக்கமும் நிற்காமல் சேர்ந்து பின்னால் வந்து நிற்கும். அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "இதை என் பிள்ளைங்ககிட்ட காட்டிடாதே, இருக்கிற தமிழும் போயிடும்" என்றார்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. பழைய பாமினி மாதிரி எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுத்து சேமிக்கப்படும்; அதைப் போட்டால் படம் சரியாக வந்துவிடும். நாங்களும் செய்து பார்த்தோம். கோப்பைத் திறந்தால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அக்கா ஒரு ஒற்றுப்பிழை திருத்தினால்கூட மாற்றியில் போட்டு எடுத்து ஒட்ட வேண்டும். மூன்று வாரத்தில் அக்கா திருத்துவதையே நிறுத்திவிட்டார். அன்றைக்குத்தான் மாறினோம்.

2023 மார்ச்சில் வந்த கோடோ 4, ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தை வைத்து எழுத்தை வரைகிறது. ஆண்ட்ராய்டும் குரோமும் தமிழ் வரைவதும் அதே நூலகத்தால்தான். கொம்பு தானாக இடத்துக்கு வந்தது. காசும் கிடையாது, எம்ஐடி உரிமத்தில் இலவசம். கோடோ 3இல் இந்த வசதி இல்லை என்பதால், பழைய பாடக் காணொளிகளைப் பார்த்துத் தொடங்குகிறவர்கள் பதிப்பு எண்ணைக் கவனித்துக்கொள்வது நல்லது.

அதோடு முடியவில்லை. பாட்டி பேசுவது போல ஒவ்வோர் எழுத்தாக வசனம் தோன்ற வேண்டும் என்று மச்சானுக்கு ஆசை. ஆங்கிலத்தில் இது ஒரு வரி வேலை. தமிழில் 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஐந்தையும் ஒன்றொன்றாகக் காட்டினால் த, தம, தமி, தமிழ, தமிழ் என்று வரும். 'கொட்டை' இன்னும் மோசம். முதலில் ககரம் வரும். அடுத்த கணம் அதற்கு முன்னால் கொம்பு முளைத்து ககரத்தை வலப்பக்கம் தள்ளும். ஒவ்வொரு வரியும் குடித்தவன் மாதிரித் தள்ளாடியது. குறிகளை எண்ணாமல் முழு எழுத்துகளின் எல்லையை எண்ணித் தரும் செயற்கூறு கோடோவிலேயே இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

எழுத்துருவில் ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. ஆப்பிள் கணினியோடு வரும் இணைமதி, நம் மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கியது. மச்சானுக்கு அதைத்தான் வைக்க ஆசை. கணினியோடு வந்த எழுத்துருவை எடுத்துச் செயலிக்குள் வைத்துப் பரப்ப நமக்கு உரிமை கிடையாது. திறந்த உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை வைத்தோம். மச்சான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இழுப்பறை

2025 ஆகஸ்டில் விளையாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தோம். என் கைப்பேசியில் பட்டுப் போல ஓடியது. மச்சான் இழுப்பறையிலிருந்து 2 ஜிபி நினைவகம் உள்ள ஒரு பழைய கைப்பேசியை எடுத்து அதில் ஏற்றினான். முதல் திரை வந்தது, இரண்டாம் திரைக்குப் போகும்போது மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தோம். திரும்ப மூடியது.

மச்சான் வரைந்த பின்னணிப் படங்கள் ஒவ்வொன்றும் 4096க்கு 4096 புள்ளி. கோப்பாகப் பார்த்தால் மூன்று எம்பிகூட இருக்காது. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. நினைவகத்தில் விரியும்போது புள்ளிக்கு நாலு பைட். 4096 × 4096 × 4 என்றால் 64 எம்பி. ஆறு பின்னணியையும் தொடக்கத்திலேயே நான் ஏற்றி வைத்திருந்தேன். 384 எம்பி, படத்துக்கு மட்டும். படத்தை 2048ஆகச் சுருக்கி, வரைகலைச் சில்லு அப்படியே படிக்கும் ஈடிசி2 வடிவில் இறுக்கியதும் படத்துக்கு 4 எம்பி ஆனது. ஒரு நேரத்தில் ஒரு பின்னணி மட்டும். சின்னத் திரையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரைந்தவனுக்கே வித்தியாசம் தெரியவில்லை. வரைகலை முறையையும் கோடோவின் பழைய கைப்பேசிகளுக்கு ஏற்ற முறைக்கு மாற்றினோம். வல்கன் என்ற புது முறை இழுப்பறையில் இருந்த இரண்டு கைப்பேசிகளில் திரையைக் கறுப்பாக்கியது.

புதிய கைப்பேசி வாங்கக் காசில்லையே என்று முன்பு வருத்தப்பட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் இந்த விளையாட்டை ஆடப்போகிறவர்கள் கையில் இருப்பது அந்த இழுப்பறையில் இருந்த மாதிரிக் கைப்பேசிகள்தான்.

பன்னிரண்டு பேர்

2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் பிளேயில் ஒரு விதி உண்டு. செயலியை ஊருக்குத் திறப்பதற்கு முன், மூடிய சோதனை ஒன்று நடத்த வேண்டும். முதலில் 20 பேர் கேட்டார்கள். 2024 டிசம்பரில் அதை 12ஆகக் குறைத்தார்கள். பன்னிரண்டு பேரும் 14 நாள் தொடர்ச்சியாகச் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு விண்ணப்பம். நிறுவனக் கணக்கு என்றால் இந்தச் சோதனை வேண்டாம், ஆனால் அதற்கு நிறுவனங்களை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் வேண்டும், பதிந்த நிறுவனம் வேண்டும். நாங்கள் தனிநபர் வழியில் போனோம். அதிலும் அடையாளத்தோடு முகவரி ஆவணமும் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு மின்சார பில் இன்னும் தாத்தா பெயரில். தாத்தா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. வங்கிக் கணக்கறிக்கையை வைத்து ஒருவழியாகச் சமாளித்தேன்.

பன்னிரண்டு பேர்தானே என்று நினைத்தோம். எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்துக்கே முந்நூறு பேர் வருவார்கள்.

நடந்தது இது. சோதனையில் சேர ஒருவரின் ஜிமெயில் முகவரி வேண்டும், அதே முகவரியில்தான் அவர் கைப்பேசியின் பிளே கடையும் இருக்க வேண்டும். அத்தையிடம் கேட்டேன். "கடைக்காரப் பையன் போட்டுக் குடுத்தான்பா, எனக்கென்ன தெரியும்" என்றார். சித்தப்பாவின் முகவரி அவர் மகன் ஆறாம் ஆண்டில் படிக்கும்போது விளையாட்டுக்காகத் தொடங்கியது. பெயரில் டிராகன் இருந்தது. ஒவ்வொரு வீடாகப் போய்க் கைப்பேசியை வாங்கி அமைப்புக்குள் நுழைந்து முகவரியை எழுதிக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் தே தண்ணீர். பன்னிரண்டு சேர்ந்ததும் செப்டம்பர் நடுவில் சோதனையைத் தொடங்கினோம். பதின்மூன்றாவது ஆளைத் தேடவில்லை. இரண்டாம் தப்பு அது.

ஒன்பதாம் நாள் பெரியப்பா கைப்பேசியில் இடம் பத்தவில்லை. செயலியை நீக்கினார். நீக்கினால் மட்டும் கணக்கு உடையாது, சேர்ந்தவர் சேர்ந்தவரே. ஆனால் பெரியப்பா எதையும் அரைகுறையாக விடுகிறவர் அல்ல. நான் அனுப்பியிருந்த சுட்டியைத் தேடித் திறந்து, சோதனையிலிருந்து விலகு என்ற பொத்தானையும் அழுத்திவிட்டார். பன்னிரண்டு, பதினொன்றானது. வேறு ஒருவரைச் சேர்த்தோம். அவருக்கு முதல் நாளிலிருந்து 14 நாள் எண்ண வேண்டும். தீபாவளிக் கனவு அங்கேயே முடிந்தது. பெரியப்பாவிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அக்டோபரில் விண்ணப்பித்தோம். சோதனையாளர்களை எப்படிப் பிடித்தீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், அதை வைத்து என்ன மாற்றினீர்கள் என்று படிவம் கேட்டது. வாட்சப்பைத் திறந்து பார்த்தேன். "சூப்பர்டா தம்பி." "நல்லா இருக்கு, வாழ்த்துகள்." கட்டைவிரல். கட்டைவிரல். கைகூப்பல். விளக்கேற்றுகிற ஒரு படம். இதை வைத்து நான் எழுதிய பதில் எனக்கே பொய்யாகப் பட்டது. இன்னும் சோதித்துவிட்டு வாருங்கள் என்று பதில் வந்தது. குறை சொல்ல வாயில்லை. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் முதல் நாளுக்குப் பிறகு செயலியைத் திறக்கவே இல்லை என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

சொந்தக்காரர்கள் குறை சொல்ல மாட்டார்கள். பிள்ளை ராத்திரி பகலாகக் கண்விழித்துச் செய்திருக்கிறான் என்ற பாசம் ஒரு பக்கம். தனக்கு ஆடத் தெரியவில்லை என்று காட்டிக்கொள்ளக் கூச்சம் இன்னொரு பக்கம். கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள். அதனால் கேட்பதை நிறுத்தினோம். கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து விரலை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். எனக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது. "இல்லைங்கத்தை, அந்தக் குழி" என்று வாய் வரை வரும்.

இரண்டு வாரத்தில் கண்ணில் பட்டவற்றில் சில. அத்தை ஒவ்வோர் ஆட்டத்தின் நடுவிலும் பின்செல்லும் பொத்தானை அழுத்தினார், விளையாட்டு மூடிக்கொண்டது. கோடோவில் அந்தப் பொத்தான் செயலியை மூடும்படிதான் வரும், நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். சித்தப்பாவுக்கு அழைப்பு வந்தது, பேசி முடித்துத் திரும்பினால் ஆட்டம் முதலிலிருந்து; ஒவ்வொரு முறைக்கும் சேமிக்க வைத்தோம். பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். மலாய்க்காரர்களின் பல்லாங்குழியான சொங்காக்கில் இரண்டு முனையிலும் ரூமா (வீடு) என்ற பெரிய குழி உண்டு; வீட்டைக் காணோமே என்று தேடியிருக்கிறார். முதல் திரையில் மலாயில் ஒரு வரி சேர்த்தோம்.

ஒரு கொட்டை காணோம்

மக்சிக்கின் எதிர்வீட்டில் ஒரு பையன், நான்காம் ஆண்டு. கைப்பேசியைக் கொடுத்ததும் விரல் மழை மாதிரி விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தலை தூக்கி, "அண்ணே, ஒரு கொட்டை காணோம்" என்றான்.

நான் நம்பவில்லை. ஆட்டம் முடிந்திருந்தது. அவன் ஜெயித்தது 47, கணினி ஜெயித்தது 36. கூட்டினால் 83.

அன்று இரவு இரண்டு மணி வரை தேடினேன். கொட்டை போடுகிற நேரத்தில் வேறு குழியைத் தட்ட முடியாதபடி ஒரு பூட்டு வைத்திருந்தேன். கடைசிக் கொட்டை கையை விட்டதும் பூட்டு திறந்துவிடும். ஆனால் அது குழியில் விழுந்து சேர 0.2 நொடி ஆகும். அந்த 0.2 நொடிக்குள் யாராவது அடுத்த குழியைத் தட்டினால், காற்றில் இருக்கும் கொட்டையின் மேல் புதிய கணக்கு எழுதப்பட்டுவிடும். பெரியவர்கள் யாரும் அவ்வளவு வேகமாகத் தட்ட மாட்டார்கள். நான் தட்ட மாட்டேன். அவன் தட்டினான்.

பூட்டை விழுந்த பிறகு திறக்க வைப்பது ஒரு வரி வேலை. அதோடு இன்னொன்றும் எழுதினேன்: ஒவ்வோர் அசைவுக்குப் பிறகும் பதினாலு குழி, கையில் இருப்பது, இருவர் ஜெயித்தது எல்லாவற்றையும் கூட்டு, 84 வரவில்லை என்றால் அங்கேயே நின்று கத்து. அதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். அலுவலகத்தில் கணக்கு மென்பொருளில் வரவும் செலவும் ஒத்துப்போகிறதா என்று தினமும் பார்க்கிறவன் நான்.

பசு

பாட்டியைக் கடைசியாகத்தான் உட்கார வைத்தோம். கண் சரியாகத் தெரியாது, கைப்பேசி பிடிக்காது என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். மச்சானின் பெரிய திரைக் கைப்பேசியைக் கட்டிலில் வைத்துக் கொடுத்தோம்.

குழியில் நாலு சேர்ந்ததும் எங்கள் விளையாட்டு மணி அடித்து, பசுவைத் தானாக எடுத்து உரியவர் பக்கம் சேர்த்துவிடும். மச்சான் அதற்கு அழகான ஒரு அசைவு செய்திருந்தான். முதல் பசு வந்தது, பறந்து போனது. பாட்டி அந்தக் குழியைத் தட்டினார். இரண்டாம் பசு. மறுபடி தட்டினார். மூன்றாவதில் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏண்டா, என் பசுவை யாரு ஓட்டிட்டுப் போறா?"

"உனக்குத்தான் பாட்டி சேருது. தானா எடுத்துக்கும்."

"தானா எடுத்தா அது என்ன ஆட்டம்? கண்ணு அங்கேயே இருக்கணும். நாலு விழுந்ததும் எடுக்கணும். எடுக்காம விட்டா அஞ்சாயிரும், போச்சு. எதிராளி பேச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பா, பசுவை விடவைக்க."

விதியை நாங்கள் சரியாகத்தான் எழுதியிருந்தோம். ஆனால் பாட்டி வீட்டில் ஆட்டம் பசுவை எடுப்பதில் இல்லை, பசுவைக் கவனிப்பதில் இருந்தது. கொட்டை விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டு, வாய் வேறு கதை பேசிக்கொண்டு, கண் ஏழு குழியிலும் இருக்க வேண்டும். எங்கள் விளையாட்டு அந்தச் சுமையை ஆடுகிறவரிடமிருந்து பிடுங்கி, பதிலுக்கு ஒரு மணியோசையைக் கொடுத்திருந்தது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தோம்.

மாற்றினோம். பசு விழுந்தால் மணி இல்லை, பளபளப்பு இல்லை. நீங்களே பார்த்துத் தட்ட வேண்டும். தவறவிட்டு ஐந்தாவது விழுந்தால் போனது போனதுதான். எதிராளியாக வரும் பாட்டிப் பாத்திரம் ஆட்டத்தின் நடுவே பேச்சுக் கொடுக்கும்: ஆலயத்துக்குப் போனாயா, அந்தக் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை, என்ன இளைத்துப் போனாய். வசனங்களை அக்கா எழுதினார், நூற்றுக்கு மேல். யாரைப் பார்த்து எழுதினார் என்று கேட்கத் தேவையில்லை. முன்பு இரண்டு நிமிடத்தில் கைப்பேசியை வைத்த சித்தப்பா அன்று இரவு மூன்று ஆட்டம் ஆடினார்.

இரண்டாம் விண்ணப்பத்தில் படிவத்தின் பெட்டி பத்தவில்லை. ரூமா, பின்செல்லும் பொத்தான், 83, பசு எல்லாம் எழுதினேன். இந்த முறை சோதனைப் பட்டியலில் 23 பேர் வைத்திருந்தோம்.

மற்றவை

இரண்டாம் சோதனைக்கு முன்பே இன்னொரு தடை வந்து நின்றது. அக்டோபரில் வெளியாகியிருந்தால் அது அவ்வளவு அவசரமாகத் தொட்டிருக்காது. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15ஐக் குறிவைத்து அனுப்பும் செயலிகள் 16 கேபி நினைவகப் பக்க அளவுக்கு, அதாவது கைப்பேசி தன் நினைவகத்தைப் பிரித்தாளும் துண்டின் அளவுக்கு, ஒத்துப்போக வேண்டும். புதுச் செயலிகள் ஆண்ட்ராய்டு 15ஐக் குறிவைத்தே ஆக வேண்டும் என்பது அந்த ஆண்டு ஆகஸ்ட் 31இல் வந்த விதி. கோடோ 4.5 அதற்கு ஏற்றபடி செப்டம்பரில் வந்திருந்தது. நாங்கள் பழைய பதிப்பில் இருந்தோம். மாறியதில் சில எழுத்துப் பெட்டிகள் இடம் பெயர்ந்தன, நாலு இரவு போனது. வெளியீட்டுக்கு முன் இயந்திரத்தை மாற்றாதே என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் தேதி தவறாதவர்களாக இருக்க வேண்டும்.

படிவங்களில் எதிர்பாராத ஒன்று வயதுத் தரக் கேள்வித்தாள். சூதாட்டம் உண்டா என்று கேட்கிறது. இல்லை என்று அழுத்தப் போனேன். அக்கா தடுத்தார். பாட்டி வசனத்தில் "பத்துக் காசு வெச்சு ஆடுவோமா" என்று ஒரு வரி இருந்தது. வரியை எடுத்தோம். எந்தத் தகவலையும் நாங்கள் சேகரிப்பதில்லை. ஆனாலும் தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கம் எழுதி அதற்கு ஒரு சுட்டி தர வேண்டும். மூன்று பத்தியில் முடித்தோம்.

விளம்பரம் வைக்கவில்லை. சிறுவர்கள் ஆடும் செயலி என்று சொன்ன பிறகு எந்த விளம்பரமும் வைத்துவிட முடியாது, அதற்குத் தனி விதிகள். காசு வாங்கினால் தனிநபர் கணக்கின் முழு முகவரியும் கடைப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வரும். அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. ஒரு முறை இலவசம் என்று வைத்த செயலியைப் பிறகு விலைக்கு மாற்றவும் முடியாது. உள்ளே ஏதாவது விற்கலாம், அவ்வளவுதான். வணிகப் பெயரைப் பதிந்து, மச்சான் கடை முகவரியைக் கொடுத்து, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம். ஐபோன் இப்போதைக்கு இல்லை. வருஷத்துக்கு 99 டாலர், அதோடு ஒரு மேக் வேண்டும்.

சாவிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்க வேண்டாம். செயலியைப் பதிவேற்றக் கையொப்பமிடும் சாவிக்கு ஒரு கடவுச்சொல் உண்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் எழுதி வைத்தேன். மறுநாள் காலை அம்மா தாளைக் கிழித்துவிட்டார். உண்மையான கையொப்பச் சாவி கூகுளிடம் இருப்பதால் பதிவேற்றச் சாவியை மட்டும் மாற்றித்தரக் கேட்க முடிந்தது. அந்தக் காலத்து முறையாக இருந்திருந்தால் அந்தச் செயலிக்கு இனி ஒரு புதுப்பதிப்பும் போட்டிருக்க முடியாது.

இப்போது

இதை எழுதும்போது விளையாட்டு சில நூறு கைப்பேசிகளில் இருக்கிறது. வருமானம் இல்லை. பாட்டிப் பாத்திரம் மரியாதை இல்லாமல் பேசுகிறது என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார். அக்கா அதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிகிறார். அடுத்த பதிப்பில் ரூமா வைத்த சொங்காக் வரும், மக்சிக்குக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ரப்பர் காய் வெடித்து விழும் ஓசையைப் பதிவு செய்வதற்கு மரம் தேடுகிறோம். இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் செம்பனைதான். ஒரு சின்னத் தோட்டம் கிடைத்தது, அங்கே காய் வெடிப்பதற்குள் ஒவ்வொரு தடவையும் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிடுகிறது.

எதிர்வீட்டுப் பையன் இப்போது ஐந்தாம் ஆண்டு. ஒவ்வொரு புதுப்பதிப்பும் சோதனைக்கு ஏறியதும் அவன் அம்மாவின் கைப்பேசியிலிருந்து எனக்கு ஒரு செய்தி வரும். வணக்கம் கிடையாது, வேறு வார்த்தை கிடையாது. போன வெள்ளிக்கிழமை வந்ததும் அதேதான்: 84.